நின்றபடி ஓடிய மைல்கள்: வட அமெரிக்கக் காவல் வண்டி ஏலங்கள் குறித்து

1. கேள்வி

1980இல் ஜான் லேண்டிஸ் இயக்கத்தில் வந்த ‘த புளூஸ் பிரதர்ஸ்’ படத்தில், சிறையிலிருந்து விடுதலையாகும் ஜேக்கை அழைத்துப்போக அவன் சகோதரன் எல்வுட் ஒரு பழைய காவல் வண்டியுடன் வந்து நிற்கிறான். சிகாகோவின் புறநகரான மவுன்ட் பிராஸ்பெக்டில் காவல் துறை நடத்திய ஏலத்தில் எடுத்த 1974ஆம் ஆண்டு டாட்ஜ் மொனாகோ அது. ஜேக் முகம் சுளிக்கிறான். எல்வுட் வாதாடுவதில்லை, கப்பலுக்காகத் திறந்துகொண்டிருக்கும் பாலத்தின் மேல் வண்டியைப் பாய்ச்சித் தாண்டுகிறான். அதன் பிறகுதான் இன்ஜின், டயர், சஸ்பென்ஷன் எல்லாமே காவலர்களுக்கென்று செய்தவை என்று அடுக்குகிறான்.

ஏலத்தில் வரும் காவல் வண்டியைப் பற்றி அமெரிக்கர்களிடையே நிலவும் நம்பிக்கையின் பெரும்பகுதி இந்தக் காட்சியில் இருக்கிறது. விலை மலிவு, கட்டுமானம் உறுதி, அரசு ஒர்க்‌ஷாப்பில் நாள் தவறாமல் பராமரிப்பு. இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் அதே அளவு வலுவானது: யாருக்கும் சொந்தமில்லாத வண்டி, ஷிஃப்டுக்கு ஒருவர் ஓட்டியது, நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது, துரத்தலில் அடிபட்டது, ஓட்டியவர் எவரும் தன் பணம் போகிறதே என்று ஒரு நொடியும் கவலைப்பட்டிருக்கமாட்டார். வாங்குவோருக்கான வழிகாட்டிக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள் என்று முடித்துக்கொள்கின்றன.

பராமரிப்பா, முரட்டுத்தனமா என்ற இந்த விவாதம் தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் வாதம். காவல் துறைகள் ஏலத்தை விற்பனையாகக் கருதுவதில்லை. கிடங்கை ஒழித்துக்கொள்ளும் வேலையாகவே கருதுகின்றன. வண்டி என்ன வேலை செய்தது, அதன் உடலில் எங்கே துளையிடப்பட்டது, எந்தப் பழுது எப்போது சரிசெய்யப்பட்டது என்ற பதிவுகள் துறையின் கோப்பிலேயே தங்கிவிட, இரும்பு மட்டும் கைமாறுகிறது. வாங்குபவரின் இன்ஜின் நஷ்டத்துக்கும், கனடாவில் 2020இல் நடந்த ஒரு பெருங்கொடுமைக்கும் இந்த ஒரே மனப்பான்மைதான் பின்புலம் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

2. பிரித்தறிய வேண்டிய ஏலங்கள்

‘போலீஸ் ஏலம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, துறைக்குச் சொந்தமான ரோந்து வண்டிகளைப் பணிக்காலம் முடிந்ததும் கழித்துவிற்பது. இரண்டாவது, பிறரிடமிருந்து கைப்பற்றிய வண்டிகளை விற்பது. இழுத்துவரப்பட்டு உரிமை கோரப்படாதவை, குற்றத்தோடு தொடர்புடையவை என்று பறிமுதல் செய்யப்பட்டவை இதில் அடங்கும். ஒரே மைதானத்தில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் இரண்டும் ஏலத்துக்கு வருவதுண்டு. இணையத்தில் ‘கவ்டீல்ஸ்’ போன்ற தளங்களிலும் இவை கலந்தே கிடக்கின்றன.

இரண்டாவது வகைக்கு நீண்ட, கசப்பான சட்ட வரலாறு உண்டு. 1996இல் ‘பென்னிஸ் எதிர் மிச்சிகன்’ வழக்கில், கணவன் செய்த குற்றத்துக்காகத் தம்பதியின் கூட்டு உரிமையிலிருந்த காரை அரசு எடுத்துக்கொண்டது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. குற்றத்தில் மனைவிக்குப் பங்கில்லை. அந்தக் காரை அவர்கள் வாங்கிய விலை 600 டாலர். 2019இல் ‘டிம்ஸ் எதிர் இந்தியானா’ வழக்கு வந்தது. அதிகபட்ச அபராதம் 10,000 டாலராக உள்ள குற்றத்துக்கு, ஏறத்தாழ 42,000 டாலர் மதிப்புள்ள லேண்ட் ரோவரை மாநிலம் பறித்திருந்தது. மிகையான தண்டத்துக்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பறிமுதல் வண்டியை மலிவாக எடுப்பவர் இந்த வரலாற்றின் மீதும் ஏலம் கேட்கிறார். அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே முதல் வகையோடு நின்றுகொள்கிறேன்.

3. ஒரு வண்டி, ஒரு சந்தை

ரோந்து வண்டி ஏலத்தைப் பற்றிப் பேசுவது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒரே வண்டியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் காவல் வடிவம் 1992 முதல் 2011 வரை விற்பனையில் இருந்தது. தனிச் சேஸ் மேல் பொருத்திய உடல், பின்சக்கர இயக்கம், 4.6 லிட்டர் வி8 இன்ஜின். பிந்தைய ஆண்டுகளில் அந்த இன்ஜின் 250 குதிரைத்திறன் தந்தது. 1996இல் ஷெவ்ரலே தன் கப்ரீஸை நிறுத்தியதும் எதிரில் ஆள் இல்லாமல் போயிற்று. 2006 மாடலாக டாட்ஜ் சார்ஜர் வரும் வரை, பெரிய காவல் செடான் என்றால் பெரும்பாலான துறைகளுக்குக் கிரவுன் விக்டோரியாதான்.

இந்த ஏகபோகம் ஏலச் சந்தையை உருவாக்கியது என்றே சொல்லலாம். எந்த ஊர் ஏலத்துக்குப் போனாலும் அதே வண்டி. அதே உதிரி பாகங்கள். எந்தத் தெருமுனை மெக்கானிக்குக்கும் அதன் நோய்கள் மனப்பாடம். சேஸ் தனியாக இருந்ததால் ஓரம் நசுங்கினாலும் தட்டிச் சரிசெய்யலாம். டாக்ஸி நடத்தியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பல அமெரிக்க நகரங்களில் முந்தைய ஆண்டு கைதியை ஏற்றிய பின்னிருக்கையில் அடுத்த ஆண்டு விமான நிலையப் பயணி உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் இருக்கையை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2008 மாடல் ஆண்டிலிருந்து கிரவுன் விக்டோரியாவை ஃபோர்டு பொதுமக்களுக்கு விற்கவில்லை. காவல் துறை, டாக்ஸி போன்ற மொத்தக் கொள்முதலாளர்களுக்கு மட்டுமே கொடுத்தது. புதிய மாடலை விரும்பிய தனிநபருக்குப் பழைய வண்டிச் சந்தை மட்டுமே வாசலாயிற்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் தாமஸ் தொழிற்சாலையிலிருந்து 2011 செப்டம்பர் 15 அன்று கடைசி வண்டி வெளியேறியது. அது சவுதி அரேபியாவுக்குப் போனது. இன்று இளைஞர்கள் சிலர் இந்த வண்டியைத் தேடித்தேடி வாங்கி, பக்கவாட்டு ஒளிவிளக்கு முதல் இரும்புச் சக்கரம் வரை பழைய வடிவில் மீட்டெடுக்கிறார்கள். அவர்கள் வாங்குவது போக்குவரத்து வசதியை அல்ல என்பதை ஏலம் கேட்கும்போது அவர்கள் முகமே சொல்லிவிடும்.

4. ஓடோமீட்டர் சொல்லாதது

ரோந்து வண்டியின் வாழ்வில் பெரும்பகுதி ஓட்டமே அல்ல. விபத்து நடந்த சாலையோரத்தில் விளக்குகள் சுழல நிற்கிறது. மினசோட்டாவின் பனியில் ஹீட்டருக்காகவும் அரிசோனாவின் வெயிலில் ஏசிக்காகவும் நிற்கிறது. காவலர் கணினியில் அறிக்கை எழுதி முடிக்கும்வரை வணிக வளாகத்தின் ஓரத்தில் நிற்கிறது. நின்ற நேரமெல்லாம் இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரேடியோ, கணினி, ஒளிப்பட்டை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டுமே. ஓடோமீட்டரில் இதில் ஒரு மைல்கூட ஏறுவதில்லை.

ஒரு மணி நேர ஐடிலிங்கை ஏறத்தாழ 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது காவல் வண்டிகளுக்கு ஃபோர்டு சொல்லும் கணக்கு. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஓடோமீட்டரில் 1,00,000 மைல். இன்ஜின் மணிக்கணக்கு 8,000. அதில் பாதி ஐடிலிங் என்று கொண்டால் 4,000 மணி. 33ஆல் பெருக்கினால் 1,32,000 மைல். ஏலத்தாளில் ஒரு லட்சம் என்று அச்சாகியிருக்கும் வண்டியின் இன்ஜினுக்கு இந்தக் கணக்கின்படி 2,32,000 மைல் வயது.

இந்த எண்ணை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. எப்போது ஆயில் மாற்றுவது என்பதைத் தீர்மானிக்கப் பிறந்த சூத்திரம் இது; தேய்மானத்தை நுண்ணோக்கியில் அளந்து வந்ததல்ல. ஐடிலில் இன்ஜினுக்குச் சுமை குறைவு. ஆனால் ஆயில் அழுத்தமும் குறைவு, காற்றோட்டமும் குறைவு; எரியாத எரிபொருள் ஆயிலோடு கலக்கிறது, பானெட்டுக்குள் தேங்கும் வெப்பத்தில் ரப்பர் குழாய்களும் ஒயர் உறைகளும் வறள்கின்றன. மறுபுறம் டயர், பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் ஆகியவை நிற்கும்போது ஏறக்குறைய தேய்வதே இல்லை. நெடுஞ்சாலை ரோந்தில் இரண்டு லட்சம் மைல் ஓடிய வண்டியும் நகர மையத்தில் எண்பதாயிரம் மைல் ஓடிய வண்டியும் ஒரே மைதானத்தில் நின்றால், கூட்டம் இரண்டாவதைச் சுற்றித்தான் மொய்க்கும். விவரமறிந்த வியாபாரி முதலாவதன் பானெட்டைத் திறந்துகொண்டிருப்பார்.

கிரவுன் விக்டோரியாவின் பிந்தைய மாடல்களில் மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் டேஷ்போர்டிலேயே இருந்தது. சாவியைத் திருப்பினால் தெரிந்துவிடும். இருந்தும் ஏல அறிவிப்புகளில் மைல் தவறாமல் இருக்கும், மணி இருந்தால் இருக்கும். காரணம் எளிது. உரிமை மாற்றும்போது ஓடோமீட்டர் அளவை எழுதித்தர வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். 2011 முதலான மாடல்களுக்கு இந்தக் கடமை இருபது ஆண்டுகள் தொடர்கிறது. மணியைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. சாதாரணக் குடும்பக் காரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், நின்றபடி ஓடும் வண்டியின் முன் கண்ணிருந்தும் காணாததாகிவிடுகிறது.

5. துளைகள்

ஏலத்துக்கு முன் வண்டியிலிருந்து சைரன், ஒளிப்பட்டை, ரேடியோ, கணினி மேசை, துப்பாக்கித் தாங்கி, கைதித் தடுப்பு எல்லாம் கழற்றப்படும். பொருத்தியவர்கள் சிறப்புப் பட்டறைக்காரர்கள். கழற்றுபவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். கூரையில் ஒளிப்பட்டை இருந்த துளை, பின்மூடியில் ஆன்டெனா இருந்த துளை, தரையில் தடுப்பைப் போல்ட் போட்ட துளை என்று வண்டியின் பணி வரலாறு அதன் தகட்டில் எழுதியிருக்கும். வெட்டிய ஒயர்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் முனை மூடாமல் தொங்கும். பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. கைதிக்காகச் செய்த ஏற்பாடு குழந்தையோடு பயணம் செய்யும் குடும்பத்துக்கும் அப்படியே வந்துசேரும். பல துறைகள் தம் வண்டிகள் அனைத்துக்கும் ஒரே சாவி வாங்கியிருந்தன. அப்படிப்பட்ட வண்டியை வாங்குபவர் பூட்டை மாற்றாவிட்டால் அவருடைய காரைத் திறக்கும் சாவி ஊர் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

துளைகளை மழைநீர் ஒழுகுவதோடு முடியும் விஷயமாக நினைத்தவர்களுக்கு 2017ஆம் ஆண்டு ஒரு பாடம். அந்தக் கோடையில் டெக்சஸின் ஆஸ்டின் நகரக் காவல் துறை ஏறத்தாழ 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்கியது. ஓட்டும் காவலர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு கசிவதாக ஐயம். விளக்குக்கும் ஒயருக்கும் பின்பகுதியில் இட்ட துளைகளைப் பட்டறைகள் சரியாக அடைக்கவில்லை என்றது ஃபோர்டு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகள் விசாரித்து, 2023 ஜனவரியில் திரும்பப்பெறும் ஆணை எதுவும் இல்லாமல் கோப்பை மூடியது. காவல் வண்டிகளில் வாயு அளவு அதிகமாயிருந்த நேர்வுகளுக்கு அடைக்காத துளைகளும் பின்பக்க மோதல் சேதமும் காரணம் என்பதே அதன் முடிவு.

உற்பத்தியாளர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கண்டெடுத்த விளக்கம் இது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அந்த வாதத்தை ஏற்றாலும் மறுத்தாலும் ஏலத்தில் வாங்குபவருக்கு முன்னால் நிற்கும் கேள்வி மாறாது. பணியில் இருந்தபோது கருவி பொருத்தியிருந்த துளையே ஆபத்தானது என்றால், கருவியைப் பிடுங்கிய பின் திறந்து கிடக்கும் துளை என்னவாகும்? அடைத்தது யார், எதனால் அடைத்தார்? துறையின் பணிமனைக் குறிப்பேட்டில் அது இருக்கலாம். அந்தக் குறிப்பேடு வண்டியோடு வருவதில்லை.

கிரவுன் விக்டோரியாவிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. அதன் பெட்ரோல் தொட்டி பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தது. நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரோந்து வண்டியின் மீது பின்னாலிருந்து அதிவேகத்தில் மோதினால் தீப்பற்றும் அபாயம் இருந்தது. பல காவலர்கள் இவ்வாறு எரிந்து இறந்தார்கள். 2001இல் தொடங்கிய அரசு விசாரணை 2002 அக்டோபரில் திரும்பப்பெறும் ஆணையின்றி முடிந்தது. அதற்குள் ஃபோர்டு காவல் வண்டிகளுக்கு மட்டும் தொட்டியைச் சுற்றிப் பாதுகாப்புக் கவசங்களை இலவசமாகப் பொருத்தித்தர முன்வந்திருந்தது. 2005 மாடல் முதல் விருப்பத் தேர்வாகத் தீயணைப்பு அமைப்பையும் கொடுத்தது. அதாவது ஒரே மாடல், ஒரே ஆண்டு வண்டிகள் இரண்டில் ஒன்றில் கவசம் இருக்கலாம், மற்றதில் இல்லாமலிருக்கலாம். வாங்குபவர் அடியில் படுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னிடம் வேலை செய்த காவலரின் உயிருக்காகத் துறை கேட்டு வாங்கிய கவசத்தைப் பற்றிய தகவலை, தன்னிடம் பணம் கொடுத்து வாங்கும் குடிமகனுக்குத் தரக் கடமைப்பட்டதாக அது உணரவில்லை.

1996 முதல் 2001 வரையிலான மாடல்களில் இன்ஜின் மேலிருந்த பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு விரிசல்விட்டுக் கூலன்டைக் கொட்டியதும், கூட்டு வழக்கில் ஃபோர்டு சமரசம் செய்துகொண்டதும் இதே பட்டியலில் சேரும். அலுமினியத்தால் மாற்றியதா இல்லையா என்பதைப் பானெட்டைத் திறந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

6. அக்கர்லோஃப் இங்கே பொருந்துவாரா?

பழைய கார் என்றதும் பொருளியல் படித்தவர்கள் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துவிடுவார்கள். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; ஆகவே வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்கமாட்டார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்கமாட்டார்; கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும் என்பது அதன் சாரம். 2001இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொள்ள இந்தக் கட்டுரை முக்கியக் காரணம்.

காவல் ஏலத்தின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நல்ல வாதத்தை வைக்கிறார்கள். தனிநபர் தன் காரை விற்பது அது தொல்லை தரத் தொடங்கியதால் இருக்கலாம். காவல் துறையோ இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மைல் என்ற விதிப்படி, நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகவே கழிக்கிறது. எனவே குறையுள்ளதைப் பொறுக்கி விற்கும் தந்திரம் இங்கே இல்லை. அக்கர்லோஃபின் பொறி வேலை செய்யாது.

பாதி தூரம் இந்த வாதம் போகும். அதன் பிறகு நகராட்சியின் உள்வழக்கம் குறுக்கிடுகிறது. பணிக்காலம் முடிந்த வண்டிகளில் நல்லவை பயிற்சிப் பள்ளிக்கோ பூங்காத் துறைக்கோ, புதிய வண்டி வாங்க வசதியில்லாத பக்கத்துச் சிற்றூரின் காவல் துறைக்கோ போய்விடுவதுண்டு. அப்படிப் பொறுக்கிய பிறகு மிஞ்சியதுதான் மைதானத்துக்கு வருகிறது. அடுத்த மாதம் கழிக்கப்போகும் வண்டிக்கு இந்த மாதம் புது கியர்பாக்ஸ் போட எந்தப் பணிமனை மேலாளரும் கையெழுத்திடமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி ஆறு மாதங்களில் பராமரிப்பு என்பது ஓடும்வரை ஓடட்டும் என்பதாகவே இருக்கும். அரசுப் பராமரிப்பின் புகழ் முதல் மூன்று ஆண்டுகளுக்கு உரியது. வாங்குபவருக்குக் கிடைப்பது கடைசி ஆறு மாதம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அக்கர்லோஃபின் விற்பனையாளர் தகவலை மறைத்து லாபம் பெறுகிறார். காவல் துறைக்கு அந்த லாபத்தில் அக்கறையில்லை. ஏலத்தொகை நகராட்சியின் பொது நிதிக்குப் போய்விட்டால், விலை சற்று உயர்ந்தாலும் பணிமனையில் கோப்பைத் தேடி நகலெடுக்கும் ஊழியருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் எதுவும் இல்லாமல்’ என்ற ஒற்றை வாசகம் எல்லாச் சட்டச் சிக்கலிலிருந்தும் அவரைக் காப்பாற்றுகிறது. இங்கே தகவல் மறைக்கப்படவில்லை. சும்மா விடப்படுகிறது. தனியார் கார் வியாபாரியின் கள்ளத்தனத்தைவிட இந்த அசட்டை சந்தைக்குக் கூடுதல் சேதம் விளைவிக்கிறது என்று நினைக்கிறேன். கள்ளத்தனத்தை மோசடி என்று வழக்காடலாம். அசட்டையை என்ன செய்வது?

1971இல் எண்ணெய்க் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் சுட்டிய ஓர் உண்மையும் இங்கே பொருந்தும்: ஒரு பொருளின் மதிப்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, அதை எல்லாரையும்விட மிகையாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்கிறார். ‘வென்றவரின் சாபம்’ என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. பத்து வண்டிகளை மொத்தமாக எடுக்கும் வியாபாரிக்கு இரண்டு பழுதானாலும் எட்டில் ஈடுகட்ட முடியும். பழுதான இரண்டையும் உதிரி பாகமாகப் பிரித்து மற்றவற்றை ஓடவைப்பார். ஒரே வண்டிக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த இளைஞருக்கு அந்தச் சலுகை இல்லை. தகவலின்மையின் செலவு எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை.

சில மாநிலங்கள் தகவலைச் சட்டத்தால் வரவழைக்க முயன்றிருக்கின்றன. டாக்ஸியாகவோ காவல் வண்டியாகவோ ஓடியது என்பதை உரிமைச் சான்றில் குறிக்கச் சொல்கிறது ஃபுளோரிடா. கலிஃபோர்னியாவிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போது இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமைச் சான்றில் விழும் இந்த முத்திரை தரும் தகவல் ஒன்றே ஒன்று: இது காவல் வண்டி. நெடுஞ்சாலையில் ஓடியதா, சந்தில் நின்றதா, எத்தனை மணி நேரம், எத்தனை துளை என்பதற்கு அதில் இடமில்லை. விலையைக் குறைக்க அந்த முத்திரை போதும். வண்டியை அறிய அது போதாது.

7. போர்டபீக்

இதுவரை பார்த்தது வாங்குபவருக்கு நேரும் நஷ்டம். விற்பதை விற்பனையாகவே கருதாத மனப்பான்மையின் மறுபக்கத்தில் வாங்குபவரே ஆபத்தாக இருக்கிறார்.

2020 ஏப்ரல் 18 இரவும் 19 காலையும் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒருவர் 22 பேரைக் கொன்றார். போர்டபீக் என்ற சிற்றூரில் தொடங்கிய அந்தப் படுகொலையின்போது அவர் ஓட்டியது கனடாக் கூட்டாட்சிக் காவல் படையின் வண்டியைப் போலவே ஸ்டிக்கரும் ஒளிப்பட்டையும் பொருத்திய ஃபோர்டு டாரஸ். அரசின் உபரிப் பொருள் விற்பனை அமைப்பான ‘ஜிசி சர்ப்ளஸ்’ வழியாக வாங்கிய, பணியிலிருந்து கழிக்கப்பட்ட காவல் வண்டி அது. அத்தகைய வண்டிகள் அவரிடம் நான்கு இருந்தன. சாலையில் எதிர்ப்பட்டவர்கள் அதை உண்மைக் காவல் வண்டி என்றே நம்பினார்கள். காவல் படையினரே தடுமாறினார்கள்: ஆன்ஸ்லோவில் ஒரு தீயணைப்பு நிலையத்தின் முன் நின்றிருந்த உண்மையான காவல் வண்டியைக் கண்ட இரு காவலர்கள் அதைக் கொலையாளியின் வண்டி என்று எண்ணிச் சுட்டார்கள். அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயமில்லை. போலி வண்டியைப் பற்றிய எச்சரிக்கை பொதுமக்களுக்குத் தாமதமாகவே போய்ச்சேர்ந்தது. பிறகு அமைந்த விசாரணை ஆணையம் 2023 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது.

2021 ஜனவரியில் கூட்டாட்சி அரசு இவ்வகை வண்டிகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் நோவா ஸ்கோஷியா சட்டமன்றம் காவலர் சீருடை, அடையாளம், கருவிகள் பிறர் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. நாடே அதிர்ந்துபோயிருந்த நேரத்தில் இவை எதிர்பார்க்கத்தக்கவையே. இருந்தாலும் சான்றுகளைத் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

ஸ்டிக்கரையும் விளக்கையும் நீக்கிய பிறகே அந்த டாரஸை அரசு விற்றது. அதாவது இன்று பல மாநிலங்கள், மாகாணங்கள் வலியுறுத்தும் அடையாள நீக்கம் இந்த நேர்வில் ஏற்கெனவே நடந்திருந்தது. அதனால் எதுவும் தடைபடவில்லை. ஸ்டிக்கரைக் கடையில் அச்சடிக்க முடிந்தது. ஒளிப்பட்டையை இணையத்தில் வாங்க முடிந்தது. விற்பனைத் தடையை எதிர்ப்பவர்களின் வாதமும் இதே சான்றிலிருந்துதான் பிறக்கிறது. டாரஸ் பொதுமக்களுக்கும் விற்கப்பட்ட கார். வெள்ளை டாரஸ் ஒன்றை எந்தப் பழைய கார்க் கடையிலும் வாங்கியிருக்கலாமே, ஏலத்தை நிறுத்தி என்ன பயன்?

இந்த எதிர்வாதம் எனக்கு முழுமையாகப் படவில்லை. ஏலத்தில் கிடைப்பது வெறும் டாரஸ் அல்ல. இரும்புச் சக்கரமும் உள்ளே வினைல் தரையும் ஒளிப்பட்டை இருந்த அதே இடத்தில் துளையும் கொண்ட டாரஸ். போலி செய்பவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கிறது. அதைவிட, ஒரே ஆள் அரசிடமிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு காவல் வண்டிகளைச் சேர்க்க முடிந்தது என்பது கவனிக்க வேண்டிய இடம். துப்பாக்கி விற்கும் கடைக்காரர்கூட வாங்குபவரைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். காவல் வண்டியை விற்கும் அரசுக்கு ஏலத்தொகை வந்துசேர்ந்தால் போதுமென்றிருந்தது. முழுத் தடை வேண்டுமா என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். விற்ற வண்டியின் சேஸ் எண்ணையும் வாங்கியவரையும் காவல் படையே தன் பதிவில் தொடர்ந்து வைத்திருப்பதற்கு எதிரான நியாயம் எதையும் நான் காணவில்லை.

தடைக்கும் விலை உண்டு. ஓய்வுபெற்ற வண்டிகள் விற்க முடியாமல் தேங்கும். நல்ல இன்ஜினோடு நொறுக்கப்படும். வருமானம் போக, நிறுத்திவைக்கும் இடத்துக்கும் காசு வேண்டும். குறைந்த விலையில் உறுதியான வண்டி தேடிய டாக்ஸிக்காரரும் மாணவரும் வேறிடம் பார்க்க வேண்டும். யாரோ ஒருவரின் கொடுமைக்கு இவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

8. அடுத்து வரும் வண்டிகள்

கிரவுன் விக்டோரியாவுக்குப் பின் வந்தவற்றில், டாரஸ் அடிப்படையிலான செடானின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. களத்தில் நிலைத்தது எக்ஸ்ப்ளோரரை அடிப்படையாகக் கொண்ட ரோந்து வண்டிதான். 2020 மாடலிலிருந்து அதில் ஹைபிரிட் வகை வந்தது. நிற்கும்போது இன்ஜின் அணைந்து பேட்டரியே ரேடியோவையும் விளக்குகளையும் தாங்குகிறது. சார்ஜ் குறையும்போது மட்டும் இன்ஜின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் ஓடி மீண்டும் உறங்குகிறது. ஐடிலிங்கில் வீணாகும் பெட்ரோலைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

இந்த வண்டிகள் பணிக்காலம் முடிந்து ஏல மைதானத்துக்கு வரும்போது மேலே போட்ட கணக்கு தலைகீழாகும். இன்ஜின் மணி குறைவாக இருக்கும். 33ஆல் பெருக்கிப் பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் நின்ற நேரத்தின் சுமையை இம்முறை சுமந்தது பேட்டரி. ஷிஃப்ட் ஷிஃப்டாக அது எத்தனை முறை வடிந்து நிரம்பியது என்பது எந்த டேஷ்போர்டு மீட்டரிலும் தெரியாது. கருவியைச் செருகிப் படிக்க வேண்டும், அல்லது துறையின் பணிமனைப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். ஏலத்தாளில் அப்போதும் மைல் கச்சிதமாக அச்சாகியிருக்கும்.